ஒரு வாய்க்கு ஒரு வாய்

பியூலா ஆறு வருஷமாக உட்கார்ந்துகொண்டேதான் தூங்கினாள். தலைமாட்டில் மூன்று தலையணை, முதுகுக்கு ஒரு திண்டு. கொஞ்சம் சாய்ந்தால் போதும், வயிற்றுக்குள்ளிருந்து புளித்த நெருப்பு ஒன்று கிளம்பி, நெஞ்சைத் தாண்டித் தொண்டைக்கு ஏறிவிடும். காப்பியை விட்டாள். புளியை விட்டாள். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள் மீன்குழம்பையும் விட்டாள். காலையில் ஒரு மாத்திரை என்று ஆரம்பித்தது இரண்டாகி, வேறு ரகமாகி, அதுவும் இரட்டிப்பாகி, எதுவும் கேட்காமல் போயிற்று. ஒரு முறை அறுவை செய்து வயிற்றின் மேல்வாயை இறுக்கியும் பார்த்தார்கள். இரண்டு வருஷம் எரிச்சல் கொஞ்சம் குறைந்திருந்தது. பிறகு அதுவும் தளர்ந்துவிட்டது.

நெஞ்செரிச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். குரல் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் வேலையே குரல்தான். துறைமுகக் கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்து கடலில் இருப்பவர்களோடு வானொலியில் பேசுகிறவள் அவள். பெரிய கப்பல்களில் பாதிக்கு மேல் இப்போது ஆளே கிடையாது. கப்பலின் இயந்திரமும் துறைமுகத்தின் இயந்திரமும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும். மீன்பிடிப் படகுகளுக்கு மட்டும் இன்னும் மனுஷக் குரல் வேண்டியிருந்தது. காற்று திரும்பும் நேரத்தில் "திரும்பி வாங்க" என்று இயந்திரம் சொன்னால் இன்னும் ஒரு மடி வலையை இழுத்துவிட்டு வரலாம் என்று நினைப்பார்கள். பியூலா சொன்னால் உடனே திரும்புவார்கள். அந்தக் குரல்தான் அமிலம் பட்டுப் பட்டுக் கரகரத்து, மத்தியானத்துக்கு மேல் வெறும் காற்றாக வந்தது. "மூணு மாசம் பாப்போம் மேடம். அதுக்குள்ள தேறலேன்னா படகுக்கும் மெஷின் வாய்ஸ்தான்," என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

பாளையங்கோட்டையில் டாக்டர் ரமீசாவிடம் வந்தது அதற்குப் பிறகுதான். காயல்பட்டினத்துக்காரி, நாற்பது வயதிருக்கும், பேசும்போது மேஜைமேல் விரலால் படம் போட்டுக்கொண்டே பேசுவாள். பியூலாவின் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, ஒரு நாள் முழுக்க எடுத்த கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உங்களுக்கு எந்த மாத்திரையும் கேக்காது. ஏன்னா மாத்திரை அமிலத்தத்தான் கொறைக்கும், கதவ மூடாது. சாப்பாடு எறங்கற குழாய்க்குக் கீழ ஒரு கதவு இருக்கு. நாம முழுங்கும்போது மட்டும் தொறந்து மூடணும். உங்க கதவு முழுங்காதப்பவும் தொறக்குது. ஒரு நாளைக்கு நூத்திப் பத்து தடவ."

"அத இறுக்கித்தான் பாத்தாச்சே, டாக்டர்."

"இறுக்கறதுல பிரயோஜனமில்ல. எப்பத் தொறக்கணும், எப்ப மூடணும்னு அதுக்குத் தெரியணும். உங்க நரம்பு அத மறந்துபோச்சு. யாராவது கத்துக்குடுக்கணும்."

கற்றுக்கொடுக்கும் வழியையும் சொன்னாள். கதவைச் சுற்றி மெத்தென்ற ஒரு வளையம் பொருத்துவார்கள். இன்னொருவர் கழுத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு பட்டை ஒட்டுவார்கள். அவர் ஒரு வாய் விழுங்கினால் அந்தச் செய்தி அலைபேசி வழியாக வந்து பியூலாவின் வளையம் திறக்கும். அவர் விழுங்காதபோது மூடியிருக்கும். தொண்ணூறு நாள் அப்படியே போனால் வளையமும் நரம்பும் அந்தத் தாளத்தைப் பழகிக்கொண்டு, பிறகு தானாகவே நடந்துகொள்ளும்.

"பதிவு பண்ணி வச்சு ஓட்டக் கூடாதா?"

"பாத்தோம். ஒடம்பு ஏமாற மாட்டேங்குது. எதிர்ல உசிரோட ஒரு ஆளு இருக்கணும். அதுவும் யாரோ ஒருத்தர் ஆகாது. சின்ன வயசுல ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு வளந்தவங்களுக்குத்தான் தாளம் ஒத்துப்போகுது. கூடப் பொறந்தவங்க யாரும்?"

"ஒரு அக்கா இருந்தா."

டாக்டரின் விரல் மேஜையில் நின்றது. "இருந்தாங்களா, இருக்காங்களா?"

"இருக்கா," என்றாள் பியூலா. "நாகர்கோயில்ல."

ஒன்பது வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரு புயல் நாளில் வந்த முறிவு அது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பியூலா கோபுரத்தில் இருந்தாள். நாற்பத்திரண்டு படகுகள் கடலில் இருந்தன. அக்கா ஜெயசீலி அங்கிருந்து மூன்று முறை போன் செய்தாள். "இன்னும் பதினோரு படகு வரணும்க்கா, வந்த உடனே இறங்குதேன்," என்றாள் பியூலா. எல்லாப் படகும் வந்து சேர்ந்தன. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மாவின் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஜெயசீலி சொன்னாள்: "உன் சத்தத்த அந்தப் படகுக்காரனுவளுக்கே வச்சுக்கோ. எனக்கு இனிமே அது கேக்க வேண்டாம்."

டாக்டர் போன் செய்த மறுநாளே ஜெயசீலி பஸ் ஏறி வந்துவிட்டாள். கணவர் இறந்த பிறகு நாகர்கோவிலில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் சமையல் செய்கிறாள். கழுத்தும் கையும் தடித்து, முடி முன்பக்கம் நரைத்திருந்தது. பியூலாவைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் மட்டும் பேசினாள்.

"தொண்ணூறு நாளா?"

"ஆமாம்மா. முக்கியமா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். நீங்க நேரங்காலமில்லாம எதையாவது வாயில போட்டு முழுங்குனா இவங்களுக்குக் கதவு தொறந்துரும், நெஞ்சு எரியும். லேசா எச்சில் முழுங்குறத வளையம் கண்டுக்காது, பலமா முழுங்குனாத்தான் தொறக்கும். தண்ணி, டீ, பலகாரம் எதுனாலும் ரெண்டு பேரும் சேந்துதான். அதே மாதிரி நீங்க சாப்பிடாத நேரத்துல இவங்க சாப்பிட்டா நெஞ்சுக்குள்ள அடைச்சுக்கிடும்."

"நான் சமையக்காரி, டாக்டர். நாளைக்கு அம்பது தடவ ருசி பாக்கேன்."

"அது முடியாது. கஷ்டமாயிருந்தா இப்பமே சொல்லிருங்க."

ஜெயசீலி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்க ஒட்டணும்னு காட்டுங்க," என்றாள்.

முதல் பத்து நாட்கள் எப்படிப் போயின என்றால், காலை எட்டு மணி, மதியம் ஒன்றே கால், மாலை நாலரை, இரவு எட்டு. அந்தந்த நேரத்துக்கு போன் வரும். பியூலா ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். அந்தப் பக்கம் பாத்திரம் இழுபடும் சத்தம். "ம்," என்பாள் ஜெயசீலி. இங்கே பியூலா ஒரு வாய் வைப்பாள். பிறகு இன்னொரு "ம்". கரண்டி தட்டில் படும் சத்தமும் மெல்லும் சத்தமும்தான். சாப்பாடு முடிந்ததும் "முடிஞ்சு," என்று ஒரு வார்த்தை. போன் அணைந்துவிடும்.

நான்காம் நாள் பியூலா படுத்துத் தூங்கினாள். மல்லாந்து, ஒற்றைத் தலையணையில். காலையில் விழித்தபோது தான் எங்கே இருக்கிறோம் என்றே ஒரு நிமிஷம் புரியவில்லை. எட்டு மணிக்கு போன் வந்ததும் அக்காவிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கமிருந்து "ம்" வந்தது. சொல்லாமல் இட்லியை விண்டு வாயில் வைத்தாள்.

பேச்சு உப்பிலிருந்து ஆரம்பித்தது. பன்னிரண்டாம் நாள் மதியம், "ம்"முக்குப் பதிலாக, "இன்னைக்குச் சாம்பார்ல கை நிறைய உப்ப அள்ளிப் போட்டுட்டேன் போல," என்றாள் ஜெயசீலி. "அந்த வங்கிக்காரப் பிள்ள ஒரு வாய் வச்சுட்டு என் மூஞ்சியப் பாத்துச்சு."

பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. விழுங்கும் நேரத்தில் சிரித்தால் அடைத்துக்கொள்ளும் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மணம் பாத்துப் போடக் கூடாதாக்கா?"

"ஏட்டி, மணத்துல உப்பு தெரியுமா, கிறுக்கி?"

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த "ஏட்டி". அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளைக்கும் கொஞ்சம் பேச்சு சேர்ந்தது. விடுதிப் பெண்கள் கதை, வார்டன் அம்மாவின் கதை. பியூலா படகுக்காரர்கள் கதை சொன்னாள். அம்மாவை மட்டும் இருவரும் தொடவில்லை. இருபது நிமிஷச் சாப்பாடு நாற்பது நிமிஷமானது. இட்லியோ தோசையோ, ஒரு வாய்க்கு ஒரு வாய் காத்திருந்து சாப்பிடுவது பழகிப்போனது. குரலும் மெல்லத் தெளிந்துகொண்டு வந்தது. "மேடம், ரேடியோவ மாத்திட்டாங்களா? சத்தம் சுத்தமா வருது," என்று ஒரு விசைப்படகிலிருந்து கேட்டார்கள்.

முப்பத்து மூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணி. பியூலா கோபுரத்தில் இருந்தாள். கடல் அமைதியாக இருந்தது. திடீரென்று நெஞ்சுக்குழியில் சுருக்கென்று ஒரு எரிச்சல். அடங்கியது. மறுபடியும் வந்தது. பிறகு அடுத்தடுத்து நாலைந்து முறை, அலை அலையாக. அக்கா எதையோ தின்கிறாள் என்று முதலில் கோபம்தான் வந்தது. ஒன்றே காலுக்குத்தானே சாப்பிட்டோம்? ஆனால் சாப்பாடு இப்படி வராது. சாப்பாட்டுக்கு ஒரு ஒழுங்கு இருக்கும். மெல்வதற்கு இடைவெளி இருக்கும். இது திக்கித் திக்கி வந்தது. இரண்டு சேர்ந்தாற்போல், பிறகு ஒன்றுமில்லாமல், பிறகு பலமாக ஒன்று.

அவள் கை தானாகத் தன் தொண்டைக்குப் போனது. அழுகையை வெளியே விடாமல் விழுங்கினால் இப்படித்தான் இருக்கும். சுவரில் தேதியைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் வானொலியை ஒப்படைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு வந்து போன் செய்தாள்.

நாலைந்து முறை அடித்த பிறகுதான் ஜெயசீலி எடுத்தாள். "என்னட்டி, இந்த நேரத்துல? நான் ஒண்ணும் திங்கலியே."

"தெரியும்க்கா. அழுதுட்டு இருக்க."

பியூலாவின் நெஞ்சில் மறுபடி ஒரு சுருக்கு.

"முழுங்காதக்கா. எனக்கு எரியுது. வெளிய விட்டு அழு."

அப்போது ஜெயசீலி அழுதாள். அடுப்படியில் யாரும் இல்லை போலிருக்கிறது, சத்தமாகவே அழுதாள். பியூலா படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா போன நாள் அது.

"நீ வரலன்னு நான் ஊருக்கே சொன்னேன்," என்றாள் ஜெயசீலி கொஞ்ச நேரம் கழித்து. "ஒண்ணு மட்டும் சொல்லல. அம்மா உன்னக் கூப்பிடச் சொல்லல பியூலா. கூப்பிடாதேன்னுதான் சொன்னா. 'அவ அங்கன இருக்கட்டும், எத்தன பேரு கடல்ல கெடக்கான்'னு சொன்னா. நான்தான் கேக்காமக் கூப்பிட்டேன். மூணு தடவ."

"ஏன்க்கா?"

"பயமா இருந்துச்சுட்டி. தனியா இருந்தேன். ஒரு மனுசி மூச்சு நிக்கறத அதுக்கு முன்னால நான் பாத்ததில்ல. நீ வந்தா கையப் பிடிச்சுக்கிடலாம்னு இருந்துச்சு. நீ வரல. அந்த ஆத்திரத்துல அம்மா சொன்னத உனக்குச் சொல்லவே இல்ல."

ஒன்பது வருஷமாக, அம்மா தன்னைத் தேடித் தேடிச் செத்தாள் என்று நினைத்திருந்தாள். இறக்கி வைக்கத் தெரியாத ஒரு பாரம் அது. அதை அக்கா வேண்டுமென்றே தன் தலையில் விட்டுவைத்திருக்கிறாள். கோபம் வரவேண்டும். வந்தது; ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் கையில் போனோடு தனியாக நின்ற அக்கா அந்தக் கோபத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தாள்.

"நான் வந்திருக்கணும்க்கா," என்றாள். "அம்மாவுக்காக இல்லேன்னாலும் உனக்காக."

"பதினோரு படகு இருந்துச்சுலா."

"இருந்துச்சு."

நாலரை மணிக்குச் சேர்ந்து டீ குடித்தார்கள்.

ஐம்பத்தெட்டாம் நாள் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ரமீசா திரையை இரண்டு முறை பார்த்தாள். "உங்க வளையம் கெட்டிக்காரி. போன வாரமே எல்லாத்தையும் படிச்சு முடிச்சிருச்சு. இப்ப உங்க அக்கா என்ன சாப்பிட்டாலும், எப்பச் சாப்பிட்டாலும் உங்களுக்கு ஒண்ணும் செய்யாது. உங்க தாளத்துக்கே தொறக்குது. வேணும்னா இன்னைக்கே பட்டைய எடுத்துரலாம். இல்ல, தொண்ணூறு நாள் முடிச்சுட்டும் எடுக்கலாம். உங்க இஷ்டம். அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க."

சொல்லத்தான் நினைத்தாள். பஸ்ஸில் வரும்போதே சொல்லத்தான் போனைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் ஒரு பயம் வந்தது. சொல்லிவிட்டால் நாளை எட்டு மணிக்கு யார் கூப்பிடுவார்கள்? அக்கா வேலை உள்ளவள். வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மாசத்துக்கு ஒரு தடவை, பிறகு கிறிஸ்துமசுக்கு மட்டும் என்று அது தேய்ந்துவிடும். பேச்சு நின்றுபோனது ஒரு நாளில்தான். அதை மறுபடி கட்டுவதற்கு ஐம்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. போனைக் கைப்பைக்குள் வைத்தாள். எட்டு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். "டாக்டர் என்ன சொன்னாவ?"

"நல்லாப் போவுதாம்."

பொய் இல்லைதான். இருந்தாலும் அன்றைக்குச் சப்பாத்தி தொண்டையில் கனத்து இறங்கியது.

அதற்குப் பிறகுதான் விடுதிக் கதை மோசமாகிக்கொண்டு வந்தது. ரசத்தில் உப்பில்லை என்று பெண்கள் தட்டை நகர்த்தி வைக்கிறார்களாம். வார்டன் அம்மா கூப்பிட்டுக் கண்டித்தாளாம். பிறகு பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார்களாம். எழுபத்து நாலாம் நாள் இரவுச் சாப்பாட்டில் ஜெயசீலி சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "இந்த மாசக் கடைசிக்குள்ள ருசி சரியாவலேன்னா வேற ஆளப் பாக்கப் போறாவளாம். பாக்கட்டும். தொண்ணூறு நாள்னு ஒத்துக்கிட்டாச்சு, நடுவுல விட முடியுமா?"

பியூலா தட்டில் கையை அளைந்துகொண்டே இருந்தாள். தன்னோடு நாலு வார்த்தை பேசுவதற்காக ஒரு மனுஷியின் பிழைப்பு போவதா? அக்கா ருசி பார்க்கலாம், பதினாறு நாளாகவே பார்த்திருக்கலாம்.

"அக்கா," என்றாள். "சாப்பாட்ட நிறுத்து. நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எனக்குக் குணமாயிட்டு. அம்பத்தெட்டாம் நாளே டாக்டர் சொல்லிட்டாங்க. நீ எப்ப வேணும்னாலும் ருசி பாக்கலாம், டீ குடிக்கலாம். எனக்கு ஒண்ணும் ஆவாது. நான்தான் சொல்லல. சொன்னா நீ போன் பண்ண மாட்டேன்னு பயந்துட்டேன். நாளைக்கே அந்த வார்டன் அம்மாட்ட சொல்லு, இல்ல நம்பர் குடு, நான் பேசுதேன்."

போனில் ஒரு சத்தம் வந்தது. அக்கா அழுகிறாள் என்று நினைத்தாள். நெஞ்சில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாதுதான். பிறகுதான் அது சிரிப்பு என்று புரிந்தது.

"வார்டன் ஒண்ணும் சொல்லலட்டி."

"என்னக்கா?"

"கடுதாசியும் இல்ல, கையெழுத்தும் இல்ல. நான் அறுபதாம் நாளுலேருந்து ருசி பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு நாள் கை பழக்கத்துல கரண்டி ரசத்த வாயில ஊத்திட்டேன். ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. உடனே உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கா? 'மழை பெய்யுதா'ன்னு கேட்டேன்லா? நீ பாட்டுக்கு நல்லா, கணீர்னு பேசுன. மறுநாள் வேணும்னே ஒரு வடையத் தின்னுட்டுப் போன் போட்டேன். அப்பவும் உனக்கு ஒண்ணுமில்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

பியூலா போனைத் தட்டுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்தாள்.

"நீயா சொல்லட்டும்னு இருந்தேன்," என்றாள் ஜெயசீலி. "அப்புறம், சொல்லாட்டா நல்லாருக்குமேன்னும் இருந்துச்சு. அதுக்குத்தான் ரசத்துல உப்பில்ல, சாம்பார்ல உப்பில்லன்னு தெனமும் ஒண்ணு அளந்துவிட்டேன். கொஞ்சம் ஓவராப் போயிட்டு போல."

"வேலை போயிரும்னு சொன்னியேக்கா. எனக்கு உசிரே போயிட்டு."

"சரி சரி. ஆறிப்போவுது, சாப்பிடு."

பட்டையை எடுக்கும் நாளில் இருவரும் பாளையங்கோட்டைக்கு வந்தார்கள். டாக்டர் ரமீசா பியூலாவின் குரலைப் பதிவு செய்தாள். துறைமுகத்துக்குத் தர ஒரு சான்றிதழும் எழுதினாள். பிறகு ஜெயசீலியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னாள். அவள் மடக்மடக்கென்று குடித்தாள். திரையில் பியூலாவின் கதவு அசையாமல் மூடியிருந்தது.

"முடிஞ்சது. நீங்க ரெண்டு பேரும் இப்ப தனித்தனி ஆளுங்க," என்று சிரித்தாள் டாக்டர்.

ஜெயசீலியின் கழுத்திலிருந்து பட்டையை மெல்ல உரித்து எடுத்தாள். பியூலா மேஜையில் குனிந்து படிவங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நாலைந்து பக்கம் இருந்தது. எல்லாவற்றையும் போட்டு முடித்து நிமிர்ந்தபோது அக்காவின் முகம் முழுக்க நனைந்திருந்தது. டாக்டர் எப்போதோ வெளியே போயிருந்தாள்.

"அக்கா! எப்பலேருந்து அழுவுத?"

"நீ கையெழுத்துப் போட ஆரம்பிச்சதுலேருந்து."

பியூலா கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. ஆறு வருஷமாக ஆசைப்பட்ட அமைதி. எல்லோருக்கும் இருக்கிற, சாதாரணமான, ஒன்றும் தெரியாத நெஞ்சு.

"எனக்குத் தெரியலியேக்கா," என்றாள்.

"இனிமே தெரியாதுலா."

"அப்பம் நீதான் சொல்லணும். வாயத் தொறந்து சொல்லணும்."

ஜெயசீலி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பட்டை இருந்த இடத்தில் கழுத்து வட்டமாக வெளுத்துக் கிடந்தது; அதைத் தடவிக்கொண்டாள்.

"சரி, சொல்லுதேன்," என்றாள். "இப்பமே சொல்லட்டா?"

பியூலா நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.